அடுப்பங்கரைக் கழிவும் அந்நிய எரிவாயுவும்

நமது தேசத்தின் வீடுகளிலும் விடுதிகளிலும் எரியும் சமையல் எரிவாயுவில் 100-க்கு ஏறத்தாழ 60 பங்கு பிற தேசங்களிலிருந்து கப்பலேறி வருவதாகும். அதில் பெரும்பகுதி பாரசீக வளைகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளின் சரக்கு. அங்கே யுத்த மேகம் திரண்டால் இங்கே அடுப்பு கலங்குகிறது. அதே அடுப்பில் சமைத்து முடிந்தபின் மிஞ்சுகிற காய்கறித் தோல், வடித்த கஞ்சி, ஊசிப்போன சோறு, இலையில் எஞ்சிய எச்சில் ஆகியவற்றை நாம் தெருவோரத் தொட்டியில் கொட்டுகிறோம். அவற்றினுள்ளும் எரிவாயு இருக்கிறது. வெளிநாட்டு வாயுவை விலை கொடுத்து வாங்குகிறோம். உள்நாட்டு வாயுவைக் கூலி கொடுத்து அப்புறப்படுத்துகிறோம். இப்படி இருபுறமும் பொருளையிழக்கும் குடும்பத்தை ஊரார் என்ன பெயரிட்டு அழைப்பரோ, அப்பெயரே இத்தகைய தேசத்துக்கும் பொருந்தும்.

இவ்விஷயத்தைப் பற்றி இருவகைப் பேச்சுக்கள் நம் நாட்டில் உலவுகின்றன. வீட்டுக்கொரு தொட்டி வைத்துவிட்டால் சிலிண்டரே வேண்டாம் என்பது ஒன்று. இவையெல்லாம் கண்காட்சியில் வைத்துக் காட்டும் வித்தையே, காரியத்துக்கு உதவாது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையல்ல. உண்மை இன்னதென்பதைக் கணக்கின் மூலமாகவே அறியவேண்டும். அக்கணக்கை வாசகர்கள்முன் வைத்து, நம்மவர் செய்யவேண்டுவது என்ன என்பதையும் எடுத்துரைப்பது அவசியமென்று கருதுகிறோம்.

வாயு பிறக்கும் விதம்

இந்த வாயுவுக்கு மீத்தேன் என்று பெயர். 1776-இல் இத்தாலிய விஞ்ஞானியாகிய வோல்ட்டா, மஜ்ஜோரே என்னும் ஏரியின் சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்து, அவை தீப்பற்றி எரிவதைக் கண்டார். ஏரிச் சேற்றில் நடப்பதும், பசுவின் வயிற்றில் நடப்பதும், நாம் கட்டும் தொட்டியில் நடப்பதும் ஒரே காரியந்தான். காற்றுப் புகாத இடத்தில் அழுகும் பொருளைக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் படிப்படியாகச் சிதைக்கின்றன. முதல் கூட்டத்தார் மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் நீரில் கரைக்கின்றனர். அடுத்த கூட்டத்தார் கரைந்ததைப் புளிப்பாக மாற்றுகின்றனர். கடைசிக் கூட்டத்தார் அப்புளிப்பை உண்டு மீத்தேனை வெளியிடுகின்றனர்.

முதலில் கூறிய இரு கூட்டத்தாரும் அவசரக்காரர். கடைசிக் கூட்டத்தார் நிதானிகள். தொட்டியில் ஒரேநாளில் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டால் புளிப்பு மிகுந்து, அந்த நிதானிகள் மடிந்துபோவர், வாயு நின்றுவிடும். கோடைநாளில் இட்லி மாவு பொங்கிப் புளித்து வீணாவதை அறியாத வீடு நம் நாட்டில் இல்லை. தொட்டியும் அத்தன்மையதே. ஆதலால் நாள்தோறும் அளவாக, சிறிதாக நறுக்கி, ஏறக்குறைய சம அளவு தண்ணீர் கலந்து ஊற்றவேண்டும். எலும்பு, முட்டையோடு, தேங்காய் நார் முதலியவை செரியா. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மிகுந்தால் கெடுதல் உண்டாகும். முதன்முதல் தொட்டியைத் துவக்கும்போது பசுஞ்சாணத்தைக் கரைத்து ஊற்றிச் சில வாரம் விடுவது வழக்கம். தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது இது. பசுவின் வயிற்றிலுள்ள அதே நுண்ணுயிர்கள் சாணத்தின் வழியே தொட்டிக்குக் குடியேறுகின்றன.

பூர்வத்தில் நம் வீடுகளின் கொல்லையில் கழுநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அரிசி களைந்த நீரும் வடிகஞ்சியும் காய்கறித் தோலும் அதில் சேர்ந்தன; மாடு குடித்தது; பாலும் எருவும் திரும்பி வந்தன. மாடும் கொல்லையும் பட்டணத்து வீடுகளைவிட்டு மறைந்தன. கழிவு மட்டும் மறையவில்லை. மாட்டுக்கு அளித்ததை இயந்திரத்துக்கு அளிப்பதே இன்றைய யோசனை.

இத்தொழிலுக்கு 30 முதல் 37 டிகிரி வரையிலான வெப்பம் உகந்தது. குளிர்தேசத்தார் தொட்டியைச் சூடாக்கச் செலவிடுகின்றனர். நம் சமவெளிக்குச் சூரியனே அச்செலவை ஏற்றுக்கொள்கிறான். கிடைக்கும் வாயுவில் 100-க்கு 50 முதல் 65 பங்கு மீத்தேன். எஞ்சியது பெரும்பாலும் கரியமிலவாயு. கந்தகம் கலந்த துர்வாயுவும் சிறிதுண்டு. அதை இரும்புத் துரு நிரப்பிய குழாயில் செலுத்திப் பிரித்துவிடலாம். எருச்சத்துகளான நைட்ரஜனும் பாஸ்பரமும் பொட்டாஷும் வாயுவோடு போய்விடுவதில்லை. வெளிவரும் குழம்பிலேயே தங்கி நிலத்துக்குத் திரும்புகின்றன.

பழைய முயற்சிகள்

இது புதிதாக மேனாட்டிலிருந்து வந்த விந்தையன்று. 1897-இலேயே பம்பாய் மாதுங்காவிலிருந்த குஷ்டரோக விடுதியின் கழிவிலிருந்து வாயு பிடித்து விளக்கெரித்தனர். 1939-இல் டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் சாணத்தைக் கொண்டு பரிசோதனைகள் செய்தார். 1950-களில் ஜஷ்பாய் படேல் கிராமத்தார் கையாளக்கூடிய மிதக்கும் கலத்தை அமைத்து, அதற்குக் கிராமலக்ஷ்மி என்று பெயரிட்டார்; பின்னர்க் கதர் கிராமத் தொழில் கமிஷன் அதை நாடெங்கும் பரப்பியது. 1981-இல் மத்திய சர்க்கார் தேசியத் திட்டமாகவே இதை மேற்கொண்டது. சர்க்கார் கணக்கின்படி ஏறத்தாழ 50 லட்சம் குடும்பக் கலங்கள் இதுவரை நாட்டில் அமைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் துருப்பிடித்தும் பழுது பார்ப்பாரின்றியும் கிடப்பவை பல. கலம் வைப்பதற்கு மானியம் கொடுத்த சர்க்கார், கலத்தைக் காப்பதற்கு ஆள் கொடுக்கவில்லை. இதை மறவாமலிருத்தல் நலம்.

சாணம் மாடு செரித்துவிட்ட பண்டம். அதன் சத்தில் பெரும்பகுதியை மாடே எடுத்துக்கொண்டது. சமையலறைக் கழிவோ இன்னும் செரிக்கப்படாதது. ஆகவே ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தருமாயின், ஒரு கிலோ உணவுக் கழிவு 100 லிட்டர் அளவில் தருகிறது. இவ்வுண்மையைக் கைக்கொண்டு, பூனாவில் ஆனந்த் கார்வே நிறுவிய ஆர்ட்டி என்னும் ஸ்தாபனம் ஒன்றினுள் ஒன்று கவிழ்ந்த இரு பிளாஸ்டிக் தொட்டிகளால் வீட்டு மாடியிலேயே வைக்கத்தக்க சிறு கலத்தை உருவாக்கி, 2006-இல் ஆஷ்டன் பரிசு பெற்றது. மறு ஆண்டு திருவனந்தபுரத்துப் பயோடெக் ஸ்தாபனம், கேரளத்து வீடுகளிலும் சந்தைகளிலும் இக்கலங்களை நிறுவியதற்காக அதே பரிசைப் பெற்றது.

தஞ்சாவூரில் பிறந்த தமிழரும் காந்தியடிகளின் கிராமத் தொழில் இயக்கத்தைத் தாங்கி நடத்தியவருமான ஜே. சி. குமரப்பா, 1945-இல் வெளிவந்த தமது பொருளாதார நூலில், தேங்கிக்கிடக்கும் செல்வமும் ஓடிக்கொண்டிருக்கும் செல்வமும் வெவ்வேறு என்று பிரித்துக் காட்டினார். நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறைவன. அவற்றின்பொருட்டுத் தேசங்கள் போரிடும். மண்ணும் மழையும் உழைப்பும் ஆண்டுதோறும் தருவன புதுப்புனல் போன்றவை. அவற்றால் வாழ்பவர் பிறரோடு பகைக்கவேண்டுவதில்லை. சமையலறைக் கழிவு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சோறு தின்பார் உள்ளவரை அது வற்றாது.

கணக்கு என்ன சொல்லுகிறது?

நிற்க. ஒரு குடும்பத்தில் நாளொன்றுக்கு ஒரு கிலோ கழிவு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 100 லிட்டர் வாயு தரும். இவ்வாயு ஒரு கனமீட்டர், அதாவது 1000 லிட்டர், ஏறத்தாழ 450 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஆகவே 100 லிட்டருக்கு 45 கிராம். மாதம் முப்பது நாளும் தவறாமல் சேர்த்தாலும் 1 கிலோ 350 கிராம் ஆகும். சிலிண்டரில் இருப்பது 14 கிலோ 200 கிராம். சொந்தக் கழிவை மட்டும் நம்பிய குடும்பம் மாதத்தில் ஒரு சிலிண்டரின் பத்தில் ஒரு பங்கைத்தான் மிச்சப்படுத்தும். காலையில் காப்பிக்குப் பால் காய்ச்சவும், ஒருவேளை ரசம் கொதிக்கவைக்கவும் போதும், அதற்குமேல் இல்லை. வீட்டுக்கொரு கலம் வைத்தால் சிலிண்டருக்கு முழுக்குப் போடலாம் என்று விற்பனையாளர் சொல்வது மிகை. மிகையை நம்பி வாங்கியவர் மூன்றாம் மாதம் கலத்தைக் கவிழ்த்துவைத்து, சாஸ்திரத்தையே பொய்யென்று தூற்றுவார். நல்ல யோசனைகள் பகைவரால் கெட்டதைவிட இத்தகைய புகழுரையால் கெட்டதே அதிகம்.

அதே கணக்கை ஒரு தெருவுக்குப் போட்டுப் பார்ப்போம். 200 வீடுகள், 200 கிலோ, 20 கனமீட்டர் வாயு, 9 கிலோ எரிவாயுவுக்குச் சமம். மாதத்துக்கு 270 கிலோ, அதாவது 19 சிலிண்டர்! ஒரு பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கோ, மாணவர் விடுதிக்கோ இஃது அற்பமான உதவியன்று. தனி வீட்டில் காப்பிக்கு மட்டும் போதுமான நெருப்பு, தெரு ஒன்றுபட்டால் பசித்த பிள்ளைகளுக்குச் சோறு பொங்கும் நெருப்பாகிறது. கல்யாண மண்டபம், ஹோட்டல், கோயில் அன்னதானக் கூடம், காய்கறிச் சந்தை ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதேயில்லை. அங்கே கழிவு பிறக்கும் இடமும் அடுப்பெரியும் இடமும் பெரும்பாலும் ஒரே சுவருக்குள் இருக்கின்றன. ஹைதராபாத்தில் போயன்பள்ளிக் காய்கறிச் சந்தை நாள்தோறும் சேரும் ஏறத்தாழ 10 டன் கழிவை இவ்வகையில் வாயுவாக்கி, சுமார் 500 யூனிட் மின்சாரம் எடுத்ததை 2021-இல் நாடு முழுவதும் அறிந்தது.

வரவுக் கணக்கோடு நஷ்டக் கணக்கையும் சேர்க்கவேண்டும். தெருவில் கொட்டிய கழிவு எங்கே போகிறது? ஊருக்கு வெளியே மேடாகக் குவிகிறது. அந்த மேட்டின் அடியிலும் காற்றில்லை. அங்கேயும் அதே நுண்ணுயிர்கள் அதே மீத்தேனைப் பிறப்பிக்கின்றன. பிடிப்பாரில்லாத வாயு வானில் கலந்து, நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. சில சமயம் மேட்டிலேயே தீப்பற்றுகிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு நாட்கணக்காக எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் எரிந்து நகரமே புகையில் மூழ்கியது. அடுப்பில் எரியவேண்டிய வாயு குப்பைமேட்டில் எரிந்தால் அதன் புகையை உண்பவர் யார்? மேட்டைச் சுற்றிக் குடிசை போட்டு வாழும் ஏழைகளே.

லக்னோவும் இந்தூரும்

இவ்வளவு தெளிவான காரியம் ஏன் நடைபெறவில்லை என்று வாசகர்கள் வினவலாம். விடை இரு நகரங்களின் சரித்திரத்தில் இருக்கிறது. 2003-இல் லக்னோவில் நகரக் குப்பையிலிருந்து 5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் பெரிய ஆலை துவக்கப்பட்டது. இயந்திரத்தில் குறைவில்லை. வந்து சேர்ந்த குப்பையில்தான் குறை. மண்ணும் கல்லும் பிளாஸ்டிக்கும் சோற்றோடு கலந்து வந்தன. நுண்ணுயிர்கள் மண்ணையும் செங்கல்லையும் செரிப்பதில்லை. சிறிது காலத்திலேயே ஆலை மூடப்பட்டது.

2022 பிப்ரவரி 19-இல் இந்தூரில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவை ஏற்கும் ஆலை திறக்கப்பட்டது. 17 டன் வாயுவும் 100 டன் எருவும் தரத்தக்கதாக அதை அமைத்தனர். அவ்வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடலாயின. லக்னோவில் தோற்ற சாஸ்திரம் இந்தூரில் எப்படி வென்றது? அந்நகரத்தார் ஆலையைக் கட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வீடுவீடாகச் சென்று ஈரக் கழிவையும் உலர்ந்த கழிவையும் தனித்தனியே வாங்கும் பழக்கத்தை நிலைநாட்டியிருந்தனர். ஒருவர் ஆலையிலிருந்து துவங்கினார். மற்றவர் வீட்டு வாசலிலிருந்து துவங்கினார். இதுவே வேற்றுமை.

பிற தேசத்தாரும் இவ்வழியே சென்றிருக்கின்றனர். தென்கொரியா 2005-இல் உணவுக் கழிவைக் குப்பைமேட்டில் நேரே கொட்டுவதைத் தடுத்தது. 2013 முதல் அவரவர் எறியும் அளவுக்கேற்பக் கட்டணம் விதித்தது. நமது தேசத்திலும் சட்டம் இல்லாமலில்லை. 2016-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகள், கழிவு பிறக்கும் இடத்திலேயே ஈரம், உலர்ந்தது, அபாயகரமானது என மூன்றாகப் பிரிக்கவேண்டுமென்று கட்டளையிட்டன. சட்டம் காகிதத்திலிருந்து வாசல்வரை வந்து சேர்வதற்குத்தான் நம் நாட்டில் வழி நீளம்.

யாருடைய வேலை?

குப்பையைப் பிரிப்பது யாருடைய வேலை? இக்கேள்வியில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. வீட்டில் பிரிக்காவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் பிரித்தே தீரவேண்டும். அந்த ஒருவர் நகர சுத்தித் தொழிலாளி. பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவரென்று ஒதுக்கிவைத்த ஜாதியாரின் பிள்ளை. நாம் ஒரே பையில் சுருட்டி எறிந்த உடைந்த கண்ணாடியும் ஊசியும் புழுத்த சோறும் அவர் கையில் படுகின்றன. நமது எச்சிலை நாம் தொட அருவருத்து அவரைத் தொடச் செய்கிறோம். மேடைகளில் தீண்டாமையைக் கண்டிக்கும் நாம், அடுப்பங்கரை வாசலில் அதை நாள்தோறும் அனுஷ்டிக்கிறோம் என்று சொன்னால் கோபம் வரலாம். ஆயினும் சொல்லாமலிருக்க இயலாது.

1901-இல் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, பிரதிநிதிகளின் கக்கூஸ்கள் நாறிக் கிடந்தன. அது தோட்டியின் வேலை என்று தொண்டர்கள் ஒதுங்கினர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். சுயராஜ்யம் என்பது பிறன் ஆட்சியை நீக்குவது மட்டுமன்று, தன் வேலையைத் தானே செய்துகொள்வதும் ஆகும் என்று அச்செய்கை அறிவித்தது. அன்று தேசத்தொண்டர்களுக்கு அவர் காட்டிய பாடம் இன்றும் முழுதும் கற்கப்படவில்லை.

இன்னொரு சொல்லும் இங்கே கூறவேண்டும். குப்பையைப் பிரிப்பது வீட்டுப் பெண்டிரின் பாடு என்று ஆண்மக்கள் நினைப்பது தகாது. சமைப்பவரும் அவர், பரிமாறுபவரும் அவர், எச்சில் எடுப்பவரும் அவர், பிரிப்பவரும் அவரேயென்றால் நாம் கூறும் தர்மம் பிறர் தலையில் ஏற்றிய சுமையாகவே முடியும். பத்திரிகை படிக்கும் கை, வாளி தூக்கினால் தேய்ந்துவிடாது.

நகரசபைகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டார் சிரமப்பட்டு இரண்டு கூடைகளில் பிரித்துக் கொடுத்ததை, அவர் கண்ணெதிரிலேயே ஒரே வண்டியில் கொட்டிக் கலப்பது பல ஊர்களில் வழக்கமாயிருக்கிறது. அதைப் பார்த்தவர் மறுநாள் பிரிப்பாரா? ஜனங்களுக்கு ஒழுக்கமில்லை என்று உத்தியோகஸ்தர் குறைகூறுமுன், தம் வண்டியில் இரண்டு அறைகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஈரக் கழிவுக்குத் தனிக் கூடை. இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டாம். இன்று மாலையே துவங்கலாம். இரண்டாவது, ஹோட்டல், மண்டபம், விடுதி, சந்தை, கோயில் மடைப்பள்ளி ஆகியவை தங்கள் கழிவுக்குத் தாங்களே கலம் அமைத்துக்கொள்ளவேண்டும். பெரிய அளவில் கழிவு பிறப்பிப்பவர் அதை ஏழையின் குடிசைப்புறத்துக்கு அனுப்ப உரிமையில்லை. மூன்றாவது, நகரசபைகள் ஊருக்கொரு பெரிய ஆலையைப் பற்றிக் கனவு காண்பதோடு நில்லாமல், வட்டத்துக்கொரு நடுத்தரக் கலம் அமைத்து, அதன் வாயுவை அருகிலுள்ள சத்துணவுக் கூடத்துக்குக் குழாய் வழியே கொடுக்கவேண்டும். தம் குப்பையால் தம் தெருப் பிள்ளைகள் உண்பதைக் கண்டவர் பிரிக்க மறக்கமாட்டார். நான்காவது, கலத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பழுது பார்ப்பவர்க்குச் சம்பளமாக ஒதுக்கவேண்டும். ஆளில்லாத கலம் ஆறு மாதத்தில் பழைய இரும்பாகும் என்பதற்குச் சாணக் கலங்களின் சரித்திரமே சாட்சி.

எச்சரிக்கையும் அவசியம். காற்றில் 100-க்கு 5 முதல் 15 பங்கு மீத்தேன் கலந்த இடத்தில் நெருப்புப் பொறி பட்டால் வெடிக்கும். கந்தக வாயு மூச்சை நிறுத்தும். எக்காரணத்தைக் கொண்டும் மனிதரைக் கலத்துக்குள் இறக்கலாகாது. மலக்குழிகளில் மனிதரை இறக்கிக் கொல்லும் கொடுமையை ஒழிக்க 2013-இல் சட்டம் இயற்றிய தேசம், எரிவாயுக் கலத்தின் பெயரால் அதே கொடுமைக்குப் புதுவாசல் திறக்கக்கூடாது.

இதனால் மட்டும் கப்பல்கள் நின்றுவிடும் என்று நாம் கூறவில்லை. ஒரு கிலோ கழிவில் 45 கிராம் என்ற கணக்கை மறைக்கவும் இல்லை. ஆனால் ராட்டையில் நூற்ற நூலும் முழம் முழமாகத்தான் பெருகியது. அந்நிய ஆலைகளை அது ஒரேநாளில் மூடிவிடவில்லை. நூற்றவனை அது மாற்றியது. மாறியவன் தேசத்தை மாற்றினான். தெருக்கூட்டம் கூட்டி அந்நியப் பொருளைக் கண்டிக்கத் தெரிந்த நம் தொண்டர்கள், அதே தெருவில் 200 வீடுகளைச் சேர்த்து 200 கூடைகளைப் பிரிக்கச் செய்வார்களாயின், அத்தெருவில் எரியும் அடுப்பு எந்தத் தீர்மானத்தைவிடவும் உரக்கப் பேசும். அதைச் செய்வார்களென்று எதிர்பார்க்கிறோம்.